வாய் மாறும் ஆறு

போன மாசி மாதம் ஒரு விடியற்காலை, மன்னார்க் கரையில் அரிப்பு என்ற ஊரில், அருவி ஆற்றின் வாயில் மாமாவின் வள்ளம் தரை தட்டியது. கரை கூப்பிடு தூரத்தில் தெரிகிறது. கடலும் அப்படித்தான். இரண்டுக்கும் நடுவில், முழங்கால் ஆழத் தண்ணீரில், எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டு மூன்று பேரும் இறங்கித் தள்ளிப் பார்த்தோம். வள்ளம் ஒரு சாண் நகர்ந்து மறுபடி மணலில் குந்தியது.

"என்ன மாமா, நாப்பது வருசமாய் இதுக்கால போய் வாறீங்கள், உங்களுக்கே வாய் தெரியேல்லையே?"

"போன கிழமை வாய் இதிலதான் கிடந்தது மருமோன். ரெண்டு நாள் காத்தடிச்சுது, அங்கால போயிட்டுது" என்று வடக்குப் பக்கம் கையைக் காட்டினார். ஆழம் எங்கே என்று தெரிவதற்காக அவர் ஊன்றியிருந்த கம்பு, நுனியில் நீலச் சாக்குத் துண்டோடு, நட்ட இடத்திலேயே நின்றது. அதன் கீழே இருந்த ஆழம்தான் போய்விட்டது.

பெருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இந்தக் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, இரண்டு அடி ஏறினால் அதிகம். அந்த இரண்டு அடிக்காகத்தான் வெயில் ஏறும்வரை அங்கே நின்றோம். மாமா பீடி பற்றவைத்தார். நான் காலடியில் இருந்த மணலை அள்ளிப் பார்த்தேன். பருமணல். கடல் மணல் இப்படி இருக்காது. இது எங்கள் வயல் பக்கமாக வந்த மணல்.

நான் பிறந்தது நானாட்டான் பக்கம், கமக்காரக் குடும்பத்தில். அம்மாவின் தம்பி அரிப்பில் கலியாணம் செய்து கடல் தொழிலுக்குப் போனவர். ஆகவே எங்கள் வீட்டில் ஒரே ஆற்றைப் பற்றி இரண்டு கட்சிகள் இருந்தன. அப்பாவுக்கு அது குளத்துக்குத் தண்ணீர் தரும் ஆறு. மாமாவுக்கு அது கடலின் வாசல்.

மன்னார் மாவட்டத்துக் கரையை வன்னி என்று எழுதினால் யாராவது சண்டைக்கு வருவார்கள். வன்னித் தேர்தல் மாவட்டத்தில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேரும் என்பது சட்டக் கணக்கு. எனக்கு அதைவிட இந்த ஆறே போதும். ரிட்டிகல, தம்புள்ளைப் பக்கத்து மேடுகளில் தொடங்கி, அநுராதபுரத்தைத் தொட்டு, வன்னியின் மேற்குக் காட்டை ஊடறுத்து வருகிறது. மொத்தம் 164 கிலோமீற்றர். நீளத்தில் மகாவலிக்கு அடுத்தது. சிங்களத்தில் மல்வத்து ஓயா. பழைய பாளி நூல்களின் கதம்ப நதி இதுதான் என்பார்கள். எங்களுக்கு அருவி ஆறு. அருவி என்று பெயர் இருக்கிறதே தவிர, எங்கள் பக்கத்தில் இது எங்கேயும் விழுவதில்லை. மருத மரங்களுக்கு நடுவில் சோம்பலாய்க் கிடக்கும். மாரியில் மட்டும் எழும்பும்.

பள்ளிக்கூடத்தில் புவியியல் ஐயா "பொங்குமுகம்" என்று கரும்பலகையில் எழுதியது நினைவிருக்கிறது. ஆறும் கடலும் கலக்கும் இடம். மண் படிந்து ஆறு கிளை பிரிந்தால் அது "கழிமுகம்". இந்தியத் தமிழில் முதலாவதையும் கழிமுகம் என்றே சொல்வதால் இரண்டு கரைக்காரரும் பேசும்போது குழம்பும். அரிப்பில் குழப்பமே இல்லை, ஏனென்றால் இரண்டு சொல்லையும் யாரும் பாவிப்பதில்லை. ஆத்துவாய், அவ்வளவுதான். வாய் திறக்கும், மூடும், நகரும். கடலுக்குக் கிட்ட வந்ததும் ஆறு கிளை பிரிவதால் புத்தகக் கணக்கில் இது இரண்டுமே. கோடையில் மணல் திட்டு குறுக்கே வளர்ந்து வாயை ஒடுக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு போகும். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று மணலை வடக்கே தள்ளும், வாடை திருப்பித் தெற்கே இழுக்கும் என்பது மாமாவின் கணக்கு. நிலையான ஒரு வாயை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுகிறவர்கள் இங்கே ஒரு வருடம் இருந்து பார்த்தவர்கள் அல்ல.

அப்பாவின் கட்சிக்கு வருகிறேன். ஆற்றின் குறுக்கே காட்டுக்குள் தேக்கம் என்று ஒரு பழைய கல்லணை இருக்கிறது. பெயரே அதுதான், தேக்கம். அங்கே மறிக்கப்படும் தண்ணீர் வாய்க்கால் வழியாகக் கட்டுக்கரைக் குளத்துக்குப் போகிறது. ஆங்கிலேயர் இராட்சதக் குளம் என்ற பொருளில் பெயர் வைத்த குளம் அது. எங்கள் நெல்லுக்கு அதுதான் உயிர். மறு கரையில் அகத்திமுறிப்புக் குளத்துக்கும் இதே ஆறுதான் தண்ணீர் கொடுக்கிறது. இத்தனைக்கும் கொடுத்த பிறகு மிஞ்சுவதுதான் அரிப்புக்கு வரும். மாரி வெள்ளத்தில் அது பெருக்கெடுத்து ஓடும்போது அப்பா பாலத்தில் நின்று பெருமூச்சு விடுவார்: "எல்லாம் வீணாய்க் கடலுக்குப் போகுது." வானத்திலிருந்து விழும் ஒரு துளியும் மனிதருக்குப் பயன்படாமல் கடலைச் சேரக் கூடாது என்று 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு மன்னன் சொன்னதாகப் பாடப் புத்தகத்தில் இருந்தது. அப்பாவுக்கு அது வேதவாக்கு.

ஒரு நத்தார் சாப்பாட்டில், மாமா வறுத்த இறாலைத் தட்டில் வைத்தபடி கேட்டார்: "அத்தான், அந்தத் தண்ணி வீணாய்ப் போனால் இது எப்பிடி வந்தது?"

அவர் கேட்டது நியாயம். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு ஆற்றுவாய்க்குள் வந்து, உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில் சதுப்பில் நிற்கும் கண்ணா மரங்களின் வேர்களுக்கிடையில் வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்பும். மணலை, கொடுவா என்ற மீன்கள் எல்லாம் இந்தக் கலவைத் தண்ணீரை நம்பி வாழ்பவை. ஆறு வராத வருடம் வீச்சுவலை எறிகிறவனுக்கு உடனே தெரிந்துவிடும். வயல்காரனுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

இதே தண்ணீரைத் தேடித்தான் வடக்கே வங்காலையில் பறவைகளும் வருகின்றன. அங்கே 4839 ஹெக்டேயர் 2008இல் சரணாலயம் ஆகி, 2010இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. தை, மாசியில் மன்னார்த் தீவுக்குக் கடல்மேல் போகும் தாம்போதியால் பஸ்ஸில் போகிறவர்கள் பூநாரைக் கூட்டத்தை ஜன்னலாலேயே பார்க்கலாம்.

அந்தத் தாம்போதிக்குக் கிட்டத்தான் மாந்தை. பழைய துறைமுகமான மாதோட்டம். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் இன்று நடந்தே கடக்கலாம் போலிருக்கும் அந்தச் சேற்றுக் கடலைப் பார்த்துவிட்டு, இங்கே சீனப் பீங்கானும் பாரசீக மட்பாண்டமும் இறங்கின என்று சொன்னால் நம்பக் கஷ்டம். 1980களின் தொடக்கத்தில் நடந்த அகழ்வில் அவை கிடைத்தன. சுந்தரர் திருக்கேதீச்சரத்தைப் பாடும்போது கோயிலைப் பாலாவிக் கரையிலும் ஊரை மரக்கலங்கள் மலிந்த கடலோரத்திலும் வைக்கிறார். இடத்தின் சூட்சுமம் எளிது. இராமர் அணையின் மணல் திட்டுகளைப் பெரிய கப்பல் தாண்ட முடியாது. ஆகவே கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்தவர்கள் இங்கே சரக்கு மாற்ற வேண்டியிருந்தது. மணல் மறித்ததால் ஒரு துறைமுகம் பிறந்தது. அங்கிருந்து அநுராதபுரத்துக்கு வழி கேட்டால் யாரும் இந்த ஆற்றைத்தான் காட்டியிருப்பார்கள். அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்று சொல்லப்படும் பெருக்கமரங்கள் மன்னாரில் இன்னும் நிற்கின்றன, பள்ளிமுனையில் ஒன்று வீடு அளவு பருமன். துறைமுகம் போன பிறகு மரம் மட்டும் மிஞ்சுவது எனக்கு எப்போதும் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும்.

வழி தெரியாதவர்களுக்கும் இந்த ஆறு வழி காட்டியிருக்கிறது. ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி 1660இல், 19 வயதில், திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். 19 வருடத்துக்கு மேல் மலைநாட்டில் சிறைக்காவல். சங்கிலி இல்லை, ஆனால் வெளியேற விடமாட்டார்கள். 1679இல் ஒரு தோழரோடு, ஊர் ஊராய்ச் சாமான் விற்பவர் போல வடக்கே நகர்ந்து, அநுராதபுரத்தருகே இந்த ஆற்றைப் பிடித்தார். ஆறு எப்படியும் கடலுக்குத்தானே போகும்! யானைக் காடு, நடுவில் வன்னியர் நாடு. முடிந்தவரை ஆள் கண்ணில் படாமல் இருவரும் ஆற்றை ஒட்டியே நடந்து, ஒக்டோபர் 18ஆம் திகதி அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையில் ஏறினார்கள். நடுக் காட்டில் வயலுக்கென்று ஆற்றைப் பார்க்கும் எங்கள் வீட்டில் இந்தக் கதையை யாரும் சொன்னதில்லை. நானே வளர்ந்த பிறகு படித்ததுதான். அந்தத் திகதி என்னை யோசிக்க வைக்கும். ஒக்டோபர் நடுப்பகுதி, மாரி முழுதாய் இறங்க முன். ஒரு மாதம் பிந்தியிருந்தால் ஆறு அவர்களை நடந்துபோக விட்டிருக்காது, அள்ளிக்கொண்டே போயிருக்கும்.

நொக்ஸ் வந்து சேர்ந்த கோட்டை போர்த்துக்கீசர் கட்டி ஒல்லாந்தர் எடுத்தது. 1658இல் மன்னாரும் அவர்களிடம் போனது. சின்னச் சதுரம், மூலையில் கொத்தளம், இப்போது செங்கல் தெரியும் இடிபாடு. இவ்வளவு ஒதுக்குப்புறத்தில் எதற்குக் கோட்டை? விடை நிலத்தில் இல்லை. மேற்கே கடலுக்குள், சில ஆள் ஆழத்தில் கிடக்கிறது.

முத்துச்சிப்பி மணலில் வாழாது. அதற்குப் பிடித்துக்கொள்ளக் கல் வேண்டும். கடலடியில் அப்படிக் கல் மேடாய்க் கிடக்கும் இடத்தைப் பார் என்பார்கள். பெரிய பார், வங்காலைப் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அந்தக் காலத்தில், சோளகமும் வாடையும் இல்லாத மாசி, பங்குனி, சித்திரையில் மட்டும் முத்துக்குளிப்பு நடக்கும். அதுவும் சிப்பி முற்றிய வருடங்களில். அரிப்பிலிருந்து இரவில் பீரங்கி வெடித்ததும் வள்ளங்கள் கரைக்காற்றில் பாய் விரித்துப் போகும். மறுநாள் பிற்பகல் கடற்காற்றில் திரும்பி வரும். போகவும் வரவும் காற்றே கூலி வாங்காத வேலைக்காரன். ஒரு வள்ளத்தில் பத்துக் குளியாளிகள். ஐந்து பேர் இறங்கும்போது ஐந்து பேர் மூச்சு வாங்குவார்கள். காலில் கல்லைக் கட்டிய கயிறு, கழுத்தில் வலைப்பை, ஒரு நிமிடம், சில சமயம் கொஞ்சம் கூட. பிறகு கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுப்பார். இப்படி ஒரு நாளில் நாற்பது ஐம்பது தடவை. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டும் கடற்கட்டி கரையில் இல்லாவிட்டால் ஒருவரும் இறங்கமாட்டார்கள். அதனால் ஆங்கில அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. கணக்குப் புத்தகத்தில் அந்தச் செலவை எழுதிய வெள்ளைக்கார எழுதுவினைஞரின் முகத்தை நான் அடிக்கடி கற்பனை செய்வேன்.

கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், பாரசீக வளைகுடா என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் ஓலைக் கொட்டிலில் ஒரு நகரம் இரண்டு மாதத்துக்கு எழும்பி மறையும். கொண்டுவந்த சிப்பியைக் கொட்டு என்ற அடைப்புக்குள் குவித்து, மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, மிச்சம் அரசாங்க ஏலத்துக்கு. வாங்கியவர்கள் சிப்பியை அழுக விடுவார்கள். சதை கரைந்தால்தான் முத்துத் தெரியும். இத்தனை ஆயிரம் பேர், இத்தனை கோடி அழுகும் சிப்பி, மாசிப் பனி போய்ப் பங்குனி வெயில். வாந்திபேதி வராமல் இருந்தால்தான் அதிசயம்.

1798இல் ஒரே பருவத்தில் ஒரு லட்சம் பவுணுக்கு மேல் வருமானம் என்றால், அதே வருடம் வந்திறங்கிய முதல் ஆங்கில ஆளுநர் பிரடெரிக் நோர்த்துக்கு இங்கே ஒரு மாளிகை கட்டத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. 1801க்கும் 1804க்கும் இடையில், கடலோரச் செம்மண் மேட்டில், கிரேக்கத் தூண்களோடு எழுந்தது. அந்தத் தூண் பாணியின் பெயரே கட்டடத்தின் பெயரும்: டொரிக். சுவருக்குப் பூசியது சிப்பிச் சுண்ணாம்பு. முத்தை எடுத்த பிறகு கோதையும் விடவில்லை. ஊரில் டொரிக் என்றால் யாருக்கும் தெரியாது, அல்லிராணி கோட்டை என்று கேட்க வேண்டும். ஆளுநர் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே இந்தக் கரையை அல்லி ஆண்டாள் என்பது கதை. கட்டியவனின் பெயரை அழித்துவிட்டுக் கதையின் ராணிக்கு எழுதிக்கொடுத்த ஊர்மேல் எனக்கு மரியாதை அதிகம்.

அப்புறம் எல்லாம் மணலின் வேலை. 1902இல் பார்களைச் சோதிக்க அழைக்கப்பட்ட உயிரியலாளர் ஹேர்ட்மன், இளஞ்சிப்பி அழிவதற்கு மீன்களையும் நெரிசலையும் சொன்னதோடு, நீரோட்டத்தில் நகர்ந்து வந்து மூடும் மணலையும் காரணமாகச் சொன்னார். 1905இல் 8 கோடிக்கு மேல் சிப்பி அள்ளினார்கள். அந்தக் கணக்கைப் பார்த்து, 1906இல் ஒரு லண்டன் கம்பனி 20 வருடக் குத்தகைக்கு எடுத்தது. அடுத்த பருவத்தோடு பார்கள் வெறுமையாகின. 1912இல் கம்பனியும் கலைந்தது. அரிப்பின் கடந்த நூறு வருடம் அந்த வெறுமையிலிருந்துதான் தொடங்குகிறது. குளித்த ஊர் வலைக்கு மாறியது.

டொரிக்கின் கதி அதைவிட வெளிப்படை. செம்மண் மேட்டைக் கடல் அடியால் அரித்து, கடல்பக்கச் சுவர்களை ஒவ்வொன்றாய்க் கீழே இழுக்கிறது. ஊரின் பெயரே அரிப்பு என்று சிரிக்கலாம். நான் சின்ன வயதில் நின்ற ஒரு மூலை இப்போது அலைக்குள் கிடக்கும் செங்கல். நடுவில் நாங்கள் இல்லாத வருடங்களும் உண்டு. 1990 ஒக்டோபரில் முசலிப் பக்கத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். மாமாவோடு சேர்ந்து வலை போட்ட சிலாவத்துறைக் கூட்டாளி புத்தளத்துக்குப் போய் இருபது வருடம் கழித்துத்தான் திரும்பினார். 2007இல் மற்றவர்களும் ஓடினோம். கரையில் ஆளில்லாத அந்தக் காலத்திலும் கடல் தன் வேலையை நிறுத்தவில்லை.

கரை ஏன் இப்படிக் கரைகிறது என்று மாமாவைக் கேட்டால் ஆற்றைக் காட்டுவார். கடல் எப்போதும் அள்ளிக்கொண்டுதான் இருக்கும், ஆறு கொண்டுவந்து போடும், இரண்டும் சரியாகப் போகும். இப்போது போடுவது குறைந்துவிட்டது என்பது அவர் வாதம். அவர் நிபுணர் இல்லைதான். ஆனால் அணைக்குப் பின்னால் மணல் தேங்குவதும், டிப்பர் டிப்பராய் ஆற்றிலிருந்து மணல் ஏறுவதும் நானே பார்ப்பது. வவுனியாவில் நான் கட்டிய வீட்டின் கொங்கிரீட்டில் எந்த ஆற்று மணல் என்று கேட்காமலேதான் வாங்கினேன். கீழ் மல்வத்து ஓயாத் திட்டம் என்று இன்னொரு பெரிய நீர்த்தேக்கத்தைப் பற்றிய பேச்சு வந்தபோது எங்கள் ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். கோடையில் வயல் காய்வதைப் பார்த்தவனுக்கு அந்தச் சந்தோஷம் புரியும், எனக்கும் புரிந்தது. ஆனால் அரிப்புக்கு வரும் வெள்ளம் எவ்வளவு குறையும், அதோடு எத்தனை மணல் குறையும் என்று வயல் பக்கத்துக் கூட்டங்களில் ஒருவர் கேட்டு நான் கண்டதில்லை. அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவரும் கேட்டிருக்கமாட்டார். இறால் கேள்விக்கு அன்று அவர் சொன்ன பதில், "நெல்லில்லாமல் இறாலை என்னத்தோட தின்னுறது?"

அதுவும் நியாயம்தான். இரண்டு பேரும் அன்றைக்கு நிறையச் சாப்பிட்டார்கள்.

ஒன்பது மணி போலத் தண்ணீர் தொடைக்கு ஏறியது. மூன்றாவது தள்ளலில் வள்ளம் மிதந்தது. கடலுக்குப் போகிற நேரம் தப்பிவிட்டது, வலை நனையாமல் திரும்ப வேண்டியதுதான் என்று நான் ஏறி உட்கார்ந்தேன். மாமா ஏறவில்லை. பழைய கம்பை இரண்டு கையாலும் அசைத்து அசைத்துப் பிடுங்கி, தோளில் வைத்துக்கொண்டு, காலால் அடியைத் தடவித் தடவி வடக்கே நடந்தார். கழுத்தளவு வந்த இடத்தில் நின்று ஊன்றினார்.

"எத்தினை நாளைக்கு நிக்கும் மாமா?"

"அடுத்த காத்து மட்டும்" என்றார். "நீ அந்தச் சாக்குத் துண்டை இறுக்கிக் கட்டிவிடு."